லாகோஸ் கடைத்தெருவில் ஒரு பிள்ளை

லாகோஸ், நைஜீரியா
12-5-1975

அன்புள்ள கோமளாவுக்கு,

நான் சுகம். உன் சுகத்தையும் உன் நைனாவின் சுகத்தையும் எழுது. முதலில் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. நம் துணி மூட்டைகளும் இன்னும் கரை சேரவில்லை. பெட்ரோல் பணத்தில் ஊரே கட்டடமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு வந்த சிமெண்டுக் கப்பல்கள் கடலில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் எங்கேயோ நம் சரக்கும் நிற்கிறது.

கம்பெனி மேனேஜர் பக்தவச்சலம் மீனம்பாக்கத்தில் என்னை வழியனுப்பும்போது, "போனவொடனே வெலையச் சொல்லிடுப்பா, பேச்ச வளக்காத" என்றார். அவர் சொன்னபடியே பொதட்டூர்பேட்டைக் கட்டம் போட்ட துணியை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி விலை சொன்னேன். ஒரு கெஜம் போகவில்லை. இங்கே கடைக்குள் நுழைந்தால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். காலையில் எப்படி எழுந்தாய், வீட்டில் எப்படி, அம்மா எப்படி, இந்த வெயிலை எப்படித் தாங்குகிறாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, நாமும் அதையே திருப்பிக் கேட்டு, குடிக்கக் கொடுத்ததைக் குடித்த பிறகுதான் துணியைத் தொடலாம். அவசரப்படுகிறவனை நம்பமாட்டார்கள்.

துணி வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில் இருக்கிறது. அதில் பெரிய கை இயா ரெமி. ரெமியின் அம்மா என்று அர்த்தம். பிள்ளை பெற்றவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே மரியாதை இல்லை. பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நேற்று அவள் என்னிடம், "உன்னை யாருடைய அப்பா என்று கூப்பிடுவது?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிவைத்தேன். அதற்கப்புறம்தான் உட்காரச் சொன்னாள்.

சோறு கிடைக்கிறது. மிளகாய் குண்டூர்க் காரத்தைத் தோற்கடிக்கும். அறையில் பேச ஆளில்லை.

அன்புடன்,
சிங்காரம்


திருத்தணி
9-6-1975

அன்புள்ள பாவாவுக்கு,

மூன்று கடிதங்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. தேதி பார்த்து அடுக்கிவைத்துப் படித்தேன்.

நைனா பொதட்டூர்பேட்டையில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்கு வருகிறார். இந்த முறை பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "மூச்சு வாங்குதும்மா, நீ போய்ட்டு வா, நான் இங்கியே உக்காந்துகினு இருக்கேன்" என்றார். அண்ணி தமயந்தி அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்கிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு ஊரையெல்லாம் பேச வைக்கிறேன். லாரி ஆபீஸ்காரர் நெல்லூருக்குப் பேசுகிறார், ஜவுளிக்காரர் மெட்ராஸுக்குப் பேசுகிறார். "பேசிகினு இருக்கீங்களா?" என்று நடுவில் கேட்கிறேன். ஆங், ஆங் என்கிறார்கள். சாயந்திரம் பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துக் கழுவவும் மனம் வருவதில்லை. லாகோஸுக்கு இங்கிருந்து லைன் கிடைக்குமா என்று அரக்கோணம் ஆபரேட்டரைக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

அந்த அம்மாளிடம் ஏதோ சொல்லிவைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள்?

உங்கள் மனைவி,
கோமளவல்லி


லாகோஸ்
4-7-1975

அன்புள்ள கோமளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நைனாவைப் படி ஏற விடாதே. பஸ்ஸில் கூட்டிப்போ.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். எனக்கு ஒரு பையன் இருக்கிறான், பெயர் தணிகை என்று சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை இல்லை என்று நான் சொன்ன கடைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக ஜெபம் செய்தார்கள். பிறகு வேறு யாரிடமோ சரக்கு வாங்கினார்கள். இப்போது தெருவே என்னை 'பாபா தணிகை' என்கிறது. பாபா என்றால் இங்கே அப்பா. வயது கேட்டார்கள். ஆறு ஆகப்போகிறது என்றேன். படிக்கிறானா என்றார்கள். சேர்க்கப்போகிறோம் என்றேன்.

அதன் பிறகு வியாபாரம் திறந்துகொண்டது. இங்கே ஒரு கல்யாணம் என்றால் வீட்டார், உறவு, சிநேகிதர் எல்லாரும் ஒரே துணியில் உடுத்துகிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு ஒரு தறிக்காரனின் ஒரு வருஷத்து நெசவு போய்விடும். கிழக்கே ஆற்றோரத்து ஜனங்கள் பிறப்பானாலும் சாவானாலும் நம் கட்டத் துணியைத்தான் கேட்கிறார்கள். மூட்டைகள் கரை சேர்ந்ததும் இரண்டு கல்யாணத்துக்கு இயா ரெமி என்னிடம் எடுத்தாள். பக்தவச்சலம் சபாஷ் என்று தந்தி கொடுத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சிங்காரம்


திருத்தணி
14-8-1975

அன்புள்ள பாவாவுக்கு,

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் போய்விட்டது. தெருவெல்லாம் காவடியிலிருந்து உதிர்ந்த பூ. இன்னும் யாரும் கூட்டவில்லை.

ஆறு ஆகப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அரக்கோணம் ஆஸ்பத்திரியில் பிறந்து மூன்றாம் நாள் போனவன் இருந்திருந்தால் இந்த ஆடியில் ஆறு முடிந்திருக்கும். தணிகைவேல் என்று பெயர் வைக்கலாம் என்று நான் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னேன். "மொதல்ல வூட்டுக்கு வரட்டும்" என்றீர்கள். அவன் வீட்டுக்கு வரவில்லை. அவன் போன அன்று சாயந்திரமே வேலை இருக்கிறது என்று மெட்ராஸ் வண்டி ஏறினீர்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி நான் எப்போது பேச்செடுத்தாலும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவீர்கள். நான் பேசுவதை விட்டுவிட்டேன். குறைமாதத்தில் பிறந்தது, அவருக்கு அது ஒரு பிள்ளையாகவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெயரை எடுத்துத் துணி விற்கிறீர்கள். முகம் தெரியாதவர்கள் ஒரு தெரு முழுக்க அவன் பெயரைச் சொல்கிறார்கள். இந்த வீட்டில் அது ஒரு நாளும் சத்தமாகச் சொல்லப்பட்டதில்லை.

இதற்குப் பதில் எழுதுங்கள். வியாபாரத்தை எழுத வேண்டாம்.

கோமளவல்லி


லாகோஸ்
23-11-1975

அன்புள்ள கோமளாவுக்கு,

உன் ஆடி மாதக் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். எழுத்து ஓடவில்லை. என்னை மன்னித்துக்கொள். வியாபாரத்தைத்தான் எழுதப்போகிறேன், அவசரம்.

வெளிநாட்டுத் துணியை உள்ளே விடக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போடப்போவதாகக் கடைத்தெருவில் பேச்சு. அதற்கு முன்னால் ஒரு பெரிய ஆர்டரை முடித்துவிட வேண்டும். முடிந்தால் கம்பெனி என்னை மெட்ராஸ் ஆபீசில் வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பக்கத்து நாட்டில் லோமே என்ற ஊருக்கு அனுப்பும். அங்கே போனால் திரும்ப எத்தனை வருஷம் ஆகுமோ.

ஆர்டர் கொடுக்க வேண்டியவள் இயா ரெமி. ஜனவரியில் அவளே மெட்ராஸுக்கு வந்து சரக்கைப் பார்க்கப்போகிறாள். திருத்தணிக்கு வந்து தணிகையையும் பார்க்க வேண்டும் என்கிறாள். அவனுக்குச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள். தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

உன் அண்ணன் ஆறுமுகத்தின் மகனுக்கும் அதே வயதுதான். ஒரு நாள் மட்டும் அவனைக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொள். வேறு ஒன்றும் பேச வேண்டாம். பொய் என்று தெரிந்தால் இந்தத் தெருவில் நான் தலைகாட்ட முடியாது. நம்பியிருக்கிறேன்.

சிங்காரம்


திருத்தணி
12-1-1976

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் இயா ரெமி வந்துவிட்டுப் போனாள். நடந்ததை எழுதுகிறேன்.

பொதட்டூர்பேட்டைக்குப் போய் அண்ணியிடம் கேட்டேன். "ஒரு நாளுக்குத்தானே, கூட்டிகினு போ. இன்னா கெட்டுடும்?" என்று அவனுக்குத் தலை வாரி, துணியும் எடுத்துவைத்தாள். பஸ் வந்தது. அவன் அம்மா அம்மா என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வேணாம் அண்ணி. அவன் அம்மா இங்க நின்னுகினு இருக்கறப்ப நான் எப்டி எம்புள்ளன்னு சொல்றது?" என்று தனியாகவே ஏறி வந்தேன்.

டாக்சி வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. நல்ல உயரம், தலையில் நீலத்துணிக் கட்டு. பக்தவச்சலம் சார் டாக்சியிலேயே இருந்துவிட்டார். அவள் உள்ளே வந்து என்னை எழுந்தது எப்படி, வேலை எப்படி, அப்பா எப்படி என்று கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லித் திருப்பியும் கேட்டேன். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்து, "என் மகன் தணிகை எங்கே?" என்றாள்.

இறந்துவிட்டான், பிறந்த மூன்றாம் நாள் என்றேன்.

அவள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். "அப்படியானால் ஆகஸ்டில் பிஸ்கட் கொடுத்தது அவனுக்கா?" என்றாள். தேதி கேட்டேன். சொன்னாள். நீங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் மகனுக்குப் பிறந்தநாள் என்று கடை கடையாகப் பிஸ்கட்டும் கலர் சோடாவும் கொடுத்தீர்களாம். அன்று துணியைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லையாம். அது அவன் பிறந்த தேதிதான் பாவா. அதே நாளில் நான் இங்கே விளக்கேற்றிவைத்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.

அவள் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளாம். "துணியில் பொய் சொன்னால் அவன் திருடன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவனேதான் சொல்ல வேண்டும், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்றாள். அவள் கொண்டுவந்த சட்டையைத் தமயந்தியின் மகனுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஆர்டரை மெட்ராஸில் அவள் எழுதிக்கொடுத்துவிட்டதாக மறுநாள் பக்தவச்சலம் சார் போன் செய்தார்.

நீங்கள் அவனை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து இத்தனை வருஷமும் உங்களோடு மனம் ஒட்டாமலே இருந்தேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. அவனை நீங்கள் அங்கே வைத்துக்கொண்டு வளர்த்தீர்கள். என்னை இங்கே தனியாக விட்டுவிட்டீர்கள்.

லோமேவுக்குப் போக நினைத்தால் போங்கள். அங்கேயும் போய்ப் பிள்ளை இருக்கிறான் என்று சொல்வதானால் எனக்கு இனி கடிதம் போட வேண்டாம்.

கோமளவல்லி


லாகோஸ்
9-2-1976

அன்புள்ள கோமளா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சில நாள் சும்மா திரிந்தேன்.

ஊர் திரும்பிய இயா ரெமி என்னை அதே பெயரில்தான் கூப்பிட்டாள். எழுந்தது எப்படி என்று கேட்டாள், உன்னைக் கேட்டாள், நைனாவைக் கேட்டாள். பிள்ளையை மட்டும் கேட்கவில்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிக் கேட்டாள். தினமும் அப்படியே. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன திங்கட்கிழமை எதிர்க்கடைக்காரி வழக்கம்போல, "தணிகை எப்படி இருக்கிறான்?" என்றாள். இறந்துவிட்டான் என்றேன். எப்போது என்றாள். பிறந்த மூன்றாம் நாளே, நான்தான் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். பக்கத்துக் கடைகளிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். இனி இந்தத் தெருவில் எனக்கு வேலையில்லை என்று பையை எடுத்தேன். ஒருத்தி பையை வாங்கிக் கீழே வைத்தாள். இன்னொருத்தி பாய் கொண்டுவந்து போட்டாள். அந்த வரிசையில் கடைகளை மூடிவிட்டார்கள், கோமளா. மூடிவிட்டு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பார்க்க எப்படி இருந்தான் என்று கேட்டார்கள். என்னை யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. நெற்றி அவன் அம்மாவுடையது, ஒரு காது மட்டும் ஓரத்தில் மடிந்திருக்கும் என்றேன். நர்ஸ் கையில் கொடுத்தபோது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை என்றேன். இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. நீ மயக்கத்தில் இருந்தாய். சொல்லிவிட்டு அழுதேன். அரக்கோணத்தில் அழவில்லை, மெட்ராஸ் வண்டியில் அழவில்லை. இங்கே நம் பாஷை தெரியாத பெண்கள் நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவர்களும் அழுதார்கள். வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் போனபோது அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், சிங்காரம் என்றே கூப்பிடுங்கள் என்றேன். "பிள்ளை போனால் நீ அப்பா இல்லையா?" என்று இயா ரெமி கேட்டாள். அப்படித்தான் இன்னும் கூப்பிடுகிறார்கள்.

லோமேவுக்குப் போகமாட்டேன் என்று பக்தவச்சலத்துக்கு எழுதிவிட்டேன். மெட்ராஸில் வேலை தந்தால் தினம் ரயிலில் போய்வருகிறேன். தராவிட்டால் பொதட்டூர்பேட்டையில் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். சரக்கைக் கரையேற்றிக் கொடுத்துவிட்டுச் சித்திரைக்குள் வந்துவிடுவேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவனை உன் நைனாதான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எங்கே புதைத்தார் என்று நான் கேட்கவில்லை. உனக்காவது தெரியுமா? உன்னையும் யாரும் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டார்கள். நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தாய். ஆனாலும் நான் வருவதற்குள் நீ தனியாக அவரிடம் கேட்டுவைக்காதே. வந்த பிறகு இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம்.

சிங்காரம்