நீ ஏற்றுக்கொண்ட வெடி

கண்ணில் விடுகிற மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போய் வலக்கண்ணில் ஒப்பரேசன் செய்துகொண்டு வந்து ஒன்பது நாளாகிறது. மகள் காலையும் மாலையும் என்னைக் கதிரையில் இருத்தி, நாடியைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு சொட்டு விடுகிறாள். அந்தக் கசப்பு இறங்கும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது, மச்சான். உன்னிடமும் இதே மாதிரி ஒரு சின்னப் போத்தல் இருந்தது. சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒருவரும் பார்க்காத நேரத்தில் விட்டுக்கொள்வாய்.

கண்கட்டை அவிழ்த்த டொக்டர் இளம் ஆள். பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, இது இண்டைக்கு நேற்று வந்த படலம் இல்லை. எட்டுப் பத்து வருசம் முத்தினது. இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?"

மனதுக்குள் வருசங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். குளக்கரைப் பத்தைப் புதருக்குள் நீயும் நானும் குந்தியிருந்த அந்தத் தை மாதத்துக்கும் இன்றைக்கும் இடையில் சரியாக எட்டு வருசம். அப்படியென்றால் அன்றைக்கே என் கண் பழுதாகியிருந்திருக்கிறது. "எனக்குக் கண் வடிவாத் தெரியும்" என்று உனக்கு நான் சொன்ன கண்.

நீ வங்காலைக்காரன். அண்ணன் தம்பி எல்லோரும் கடலுக்குப் போக, தாய் வழியில் வந்த வயலைப் பார்க்க நீ ஒருவன் மட்டும் சைக்கிளில் நறுவிலிக்குளத்துக்கு வந்தாய். உன் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவில் ஒரு வரம்பு. முப்பது வருசத்தில் அந்த வரம்புக்காக நாங்கள் ஒரு சொல் கூடச் சண்டையாகப் பேசியதில்லை. சொந்தம் ஒன்றுமில்லாமலே மச்சான் என்று கூப்பிடத் தொடங்கி, கடைசியில் என் பிள்ளைகள் உன்னை மாமா என்றார்கள். பன்றி சுட வைத்திருந்த துவக்கு உன் பெயரில் இருந்தது. வருசத்துக்கு ஒருமுறை அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, தோய்த்து மடித்த வேட்டியோடு அரசாங்கக் கச்சேரிக்குப் போய் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பித்துக்கொண்டு வருவாய். அன்றைக்கு உன் நடையே வேறு.

அறுபதைத் தாண்டியபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியது. எனக்குக் காது. குளத்துத் தண்ணீர் திறக்கும் பொறுப்பில் இருந்த நான், மதகடியில் நின்று தண்ணீர் கேட்கிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசிப்பேன். உனக்குக் கண். தெருவில் ஆட்களைக் குரலை வைத்துத்தான் அறிகிறாய் என்பதை நான் கவனித்திருந்தேன். யாராவது பேசாமல் கடந்து போனால் நீயும் பேசாமல் போவாய். உனக்குத் தலைக்கனம் வந்துவிட்டதென்று ஊரில் சொன்னார்கள். நீ அதை மறுக்கவில்லை. கண் தெரியவில்லை என்று சொல்வதைவிட அது உனக்குச் சுகமாக இருந்தது.

ஒருநாள் வரம்பில் இருந்து சோறு சாப்பிடும்போது உன் கண்ணைப் பற்றி நான் கேட்டுவிட்டேன். நீ சிரித்தாய்.

"உனக்குக் காது கேக்காதெண்டு எனக்கு எப்பவோ தெரியும். நான் சொன்னனானே? பேசாமல் இரு. எனக்குக் காது இருக்கு, உனக்குக் கண் இருக்கு. சேத்துப் பாத்தால் ஒரு முழு ஆள்தானே மச்சான்."

அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. பாணுக்கும் மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற வருசம் அது. வயலில் விளைந்தால்தான் வீட்டில் உலை என்ற நிலை. கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் பன்றிகள் இறங்கின. தின்றது கொஞ்சம், உழக்கிப் போட்டது மிச்சம். காவல் கொட்டிலில் இருந்து தகரம் தட்டிப் பார்த்தும் அவை அசையவில்லை. அதனால் விடியற்காலையில் ஐந்தாறு பேர் குளக்கட்டுப் பக்கமிருந்து பத்தையைக் கலைப்பார்கள். மறுபக்கத்தில், பன்றி வெளியே பாய்கிற இடத்தில் நீ துவக்கோடு இருப்பாய். உனக்குத் துணையாக நான். அது பல வருசப் பழக்கம். ஆகையால் நான் ஏன் உன் தோளோடு ஒட்டி இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீ காதைச் சாய்த்துக் கேட்டு, என் காதோடு வாயை வைத்து, "வருகுது" என்பாய். நான் பார்த்து, "இடக்கைப் பக்கம், அந்தப் பாலை மரத்துக்கு இஞ்சால" என்பேன். உனக்கு நிழல் மட்டும்தான் தெரியும். அந்த நிழலுக்கு நீ வெடி வைப்பாய். அந்தப் போகத்தில் இரண்டு பன்றி விழுந்தன. ஊர் உன்னைத் தலையில் வைத்து ஆடியது. இறைச்சி பங்கிடும்போது நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய், நான் நின்ற திசைக்குக் கொஞ்சம் தள்ளி. நான் சிரித்தேன். களவாக மாங்காய் தின்ற இரண்டு பொடியன்களைப் போல இருந்தோம். இரண்டு கிழவர்கள் தங்கள் முதுமையை ஊருக்கு மறைக்க ஒரு துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடினோம்.

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில், கடைசியாக ஒருமுறை கலைப்போம் என்று போனோம். நல்ல பனி. கடல் பக்கக் காற்று இல்லாததால் பனி கலையவே இல்லை. சூரியன் ஏறி வெளிச்சம் வந்த பிறகுதான் தொடங்கினார்கள். தூரத்தில் தகரச் சத்தம் கேட்டதாக நீ சொன்னாய். எனக்கு அதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நீ என் முழங்காலைத் தொட்டாய். "முன்னுக்கு ஏதோ சரசரக்குது. பார்."

நான் பார்த்தேன். சூரைப் பத்தைக்குக் கீழே கறுப்பாக ஒரு முதுகு. குனிந்து எதையோ கிண்டுவதுபோல் அசைந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தேகப்பட நான் விரும்பவில்லை. அன்றைக்குப் பன்றியைக் காண வேண்டும் என்று வந்த கண் பன்றியைக் கண்டது.

"பண்டிதான். பெரிசு. நேர முன்னுக்கு. போடு!"

நீ துவக்கை உயர்த்தினாய். ஆனால் வெடி வைக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"பொறு" என்றாய்.

"போகப்போகுதடா, போடு!" நான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அந்த உலுக்கலில்தான் வெடி கிளம்பியது. ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால் நீ குழலை மேலே தள்ளிவிட்டிருந்தாய். மரக்கொப்புகள் முறிந்து விழுந்தன. சூரைப் பத்தைக்குக் கீழிருந்த கறுப்பு முதுகு எழுந்து நின்று அலறியது. எனக்கே கேட்கும் அளவுக்கு அலறியது. எங்கள் ஊர் நாகம்மா. முள்ளில் சிக்கிக்கொண்ட ஆட்டின் கயிற்றை அவிழ்க்கக் குந்தியிருந்தவள். அவளுடைய கறுத்த சேலையில் இலைகள் கொட்டிக் கிடந்தன.

நான் இருந்த இடத்தில் இருந்தேன். நீ என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாய்: "அவள் ஆட்டை ஏசினது உனக்குக் கேக்கேல்லையோ?"

எனக்குக் கேட்கவில்லை, மச்சான். நீ அதைக் கேட்டதால் நாகம்மா உயிரோடு நின்றாள். நான் கண்டதை நீ நம்பியிருந்தால் அவள் ஆட்டுக்குப் பக்கத்தில் விழுந்திருப்பாள்.

தகரத்தோடு எல்லோரும் ஓடி வந்தார்கள். நாகம்மா மண்ணை அள்ளித் தூற்றினாள். "ஆர் வெடி வைச்சது? ஆரடா அது?" என்று ஒருவன் கத்தினான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ முன்னுக்குப் போய் நின்றாய்.

"நான்தான். என்ர கண் பழுது. கன நாளாத் தெரியேல்லை. இவன் வேண்டாம் வேண்டாமெண்டு சொன்னவன், நான்தான் கேக்கேல்லை."

அந்தச் சொல்லை நான் அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. திரும்பி வரும்போது வரம்பில் வைத்துக் கேட்டேன்: "ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"ரெண்டும் கிழடெண்டு தெரிஞ்சால் ரெண்டையும் ஒதுக்கிப்போடுவாங்கள். ஒருத்தன் காணும். தண்ணி திறக்கிற பொறுப்பு உன்ர கையில கிடக்கு. நாளைக்கு உன்ர சொல்லை ஆர் கேப்பான்?" கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுச் சொன்னாய்: "எனக்கு எப்பிடியும் போற கண்தானே."

அடுத்த கிழமை துவக்கைக் கச்சேரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய். நான் கூட வந்தேன். அன்றைக்கு வேட்டி தோய்த்துத்தான் இருந்தது, ஆனால் நடையில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் கைகள் மடியில் சும்மா கிடந்தன. வயலை மருமகன் பார்க்கத் தொடங்கினான். நீ வங்காலை வீட்டோடு இருந்துவிட்டாய்.

நான் ஞாயிறு தோறும் வந்து பார்த்தேன். நீ குறை சொல்லவில்லை. வள்ளங்கள் கரைக்கு வரும் சத்தத்தை வைத்து இது இன்னாருடையது என்று சொல்வாய். வீட்டிலிருந்து கோவில் வாசல் வரை எத்தனை எட்டு என்று எண்ணி வைத்திருந்தாய். ஒருநாள் வழியில் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்க, எண்ணிக்கை தவறி வேலியில் போய் நின்றாயாம். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். முழங்கையில் இருந்த காயத்தை மட்டும் சேர்ட் கையை இழுத்து மூடினாய்.

மடு மாதா திருவிழாவுக்கு ஒருமுறை இரண்டு பேரும் போனோமே, அது உனக்கு நினைவிருக்கும். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். எங்கள் ஊர்ப் பெடியள் சிலர் மரத்தடியில் நின்றார்கள். ஒருவன் சொன்னான்: "இஞ்ச பாருங்கோ, பொம்பிளைக்கு வெடி வைக்கப் பாத்த ஐயா வாறார்." மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கே அது கேட்டது. உனக்குக் கேட்காமல் இருந்திருக்காது. உன் கை என் கைக்குள் ஒருமுறை இறுகிப் பிறகு தளர்ந்தது. "மெழுகுதிரி வாங்க வேணும்" என்று மட்டும் சொன்னாய். நான் அவர்களிடம் திரும்பிப் போகவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அங்கே நூறு அடி தூரம்தான் இருந்தது.

அன்றைக்கு வரும் வழியில், "நான் எல்லாரிட்டையும் சொல்லப்போறன்" என்றேன். "விடு மச்சான். பழையதைக் கிண்டாதை" என்றாய். நீ விடச் சொன்னதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் வந்தது என்பதை நீ அறிந்திருப்பாய். அதனால்தான் விடச் சொல்லியிருப்பாய்.

அதன் பிறகு மூன்று மாரி இருந்தாய். நெஞ்சில் சளி கட்டி, நாலு நாளில் முடிந்தது. சேமக்காலையில் உன்னை இறக்கும்போது நான் தலைமாட்டில் நின்றேன். மழை தூறியது. வீட்டுக்குத் திரும்பியதும் உன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, உனக்கு ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, அவர் அண்டைக்கே சொன்னவர். எனக்குத் தெரியுமெண்டு உங்களுக்குக் காட்டிக்கொள்ள வேண்டாமெண்டும் சொன்னவர். 'அவன் என்னைவிடப் பயந்துபோனான், பாவம்' எண்டவர்."

அவ்வளவு ஞாயிற்றுக்கிழமைகளிலும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தவள் அவள். ஒருநாள் கூட முகம் சுளித்ததில்லை.

அதற்குப் பிறகும் நான் ஊருக்குச் சொல்லவில்லை. நீயும் போய்விட்டாய், இனி யாருக்கு என்ன என்று இருந்துவிட்டேன். குளத்துப் பொறுப்பை இரண்டு வருசத்துக்கு முன்னால் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். இழக்க எனக்கு ஒன்றுமே இல்லாமல் போன பிறகும் வாய் வரவில்லை. டொக்டர் அப்படிக் கேட்டதற்குப் பிறகுதான் சொல்லாமல் இருக்க முடியாமல் போனது.

ஐந்து நாளுக்கு முன்னால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாகம்மா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பன்றி என்றது நான், போடு என்றது நான், தோளை உலுக்கியது நான், நாகம்மா, உன்ர குரலைக் கேட்டுக் குழலை மேலே தள்ளியது அவன் என்றேன். என் மகள் என் கையை விட்டுவிட்டாள். அவளுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும்.

நாகம்மா ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மிளகாயை விட்டு எழும்பவே இல்லை.

"அந்த மனிசன் ஒருநாள் இஞ்ச வந்தவர், மன்னிப்புக் கேக்க" என்றாள். "மருமோன்ர சைக்கிளில ஏறி வந்தவர். படலைக்கு வெளியாலயே நிக்க விட்டனான். ஒரு வாய் தண்ணி குடுக்கேல்லை. என்னைக் காப்பாத்தினதெண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை, ஐயா. கும்பிட்டுப்போட்டுத் திரும்பிப் போயிட்டார்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதை நீங்கள் அப்பவே சொல்லியிருந்தால் நான் அந்தப் படலையைத் திறந்திருப்பன்."

நீ அங்கே போனதை எனக்குச் சொல்லவில்லை, மச்சான். என் பிழைக்கு மன்னிப்புக் கேட்கக் கண் தெரியாமல் அவ்வளவு தூரம் போய், திறக்காத படலையடியில் நின்று திரும்பியிருக்கிறாய். அடுத்த ஞாயிறு நான் வந்தபோது வழக்கம் போல வள்ளங்களைப் பற்றிப் பேசியிருப்பாய்.

என் வலக்கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. மகள் என்னோடு அளந்துதான் பேசுகிறாள். அது ஆறும், அல்லது ஆறாமல் போகும். ஊரில் இன்னும் சில வீடுகள் இருக்கின்றன. காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று போய்ச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். கேட்கிறவர்கள் பலர் அந்தக் கதையையே மறந்துவிட்டார்கள். "ஆர் ஐயா, எந்த வெடி?" என்று கேட்கிறார்கள். நான் நின்று முதலிலிருந்து சொல்லுகிறேன், உன் பெயரைச் சொல்லித் தொடங்கி.