ஏலத்தோட்டத்து ஜீப்

ஆகஸ்ட் 6, புதன்

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தேன். நடிக்க ஒன்று, சத்தம் கொடுக்க ஒன்று, சாமான் செய்ய ஒன்று. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களை நடித்துக் காட்டுங்கள், அவ்வளவுதான் நான் சொன்னது. யாரும் யோசிக்கவே இல்லை. இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு ஜீப் ஆக்கிவிட்டார்கள். ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் விடியுமுன் கம்பம்மெட்டு மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். வேறு எதை நடிப்பார்கள்?

அபிதா தன் அம்மாவாக வந்தாள். உள்ளே இடமில்லாமல் பின்படியில் ஒற்றைக்காலை ஊன்றிக் கம்பியைப் பிடித்து நின்றாள். இன்னொரு கையில் இல்லாத தூக்குவாளி. வளைவு வரும்போதெல்லாம் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். இதை யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை.

ஆகஸ்ட் 12

சத்தக்குழு தகரத்தில் மணலை உருட்டி என்ஜின் சத்தத்தைப் பிடித்துவிட்டது. அபிதாவுக்குத்தான் குரல் எழும்பவில்லை. எதிர்ச்சுவருக்குக் கேட்கிற மாதிரி பேசு என்றேன். பத்துத் தடவை சொன்னாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்ததும் நாடகம் போட்டோம். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கத்தா, ஒத்தக் கால் வைக்க எடம் குடுங்க" என்று அபிதா கேட்டதும் கூட்டம் சிரித்து அடங்கவில்லை. அவள் அம்மா அய்யம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜீப்புக்காரர் சுரேஷ்கண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பள்ளிக்குழுவிலும் அவர்தான் இருக்கிறார். வட்டாரப் போட்டிக்கு இதையே கொண்டுபோகலாம் என்று தலைமையாசிரியர் நல்லகண்ணு சாரும் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜீப் கவிழ்ந்துவிட்டது. மலைமேல் பனிமூட்டம். பின்படியில் நின்றிருந்த அய்யம்மாள் போய்விட்டார்.

செப்டம்பர் 3

எடுக்கும்வரை அங்கேயே இருந்தேன். அபிதாவின் அப்பா பேச்சிமுத்து வாழைமண்டியில் சுமை தூக்குகிறவர். தோள்துண்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அபிதா அழவில்லை. வந்தவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடி இருந்தாள்.

அத்தனை பேரும் பார்த்துத்தானே சிரித்தோம். ஒருத்தருக்காவது தோன்றியதா? எனக்கு?

செப்டம்பர் 9

போட்டிக்கு மரம் நடுகிற நாடகம் என்று மாற்றியாகிவிட்டது. பிள்ளைகள் சொன்னதைச் செய்கிறார்கள். மரமாக நில் என்றால் நிற்கிறார்கள். அவ்வளவுதான்.

அபிதா இன்று வந்துவிட்டாள். ஜீப் நாடகம் எப்போது என்று கேட்டாள். அது வேண்டாமம்மா என்றேன். சாயங்காலம் கிளம்பும்போது வந்து நின்றாள்.

"வேற ஆள வச்சுச் செஞ்சிராதீக டீச்சர். எங்கம்மா எப்பிடி நின்னுச்சுன்னு எனக்குத்தான தெரியும்."

பேச்சிமுத்துவைப் போய்க் கேட்டேன். செய்யட்டும் என்றார், வீட்டில் பிள்ளை வாயே திறப்பதில்லையாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

சுரேஷ்கண்ணன் பள்ளிக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"உள்ள பத்துப் பேருதான் இருந்தாகன்னு ஸ்டேஷன்ல எழுதியிருக்கு, டீச்சர். பிள்ளைக ஆடுறத எவனாச்சும் செல்லுல எடுத்துப் போட்டா வண்டியவே நிப்பாட்டிருவாக. அப்பறம் இந்தப் பொம்பளைக வேலைக்கு எங்கன போவாக?"

நல்லகண்ணு சார் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இனி பள்ளிக்குள் அந்த நாடகம் கூடாது என்றார்.

பள்ளிக்குள்தானே கூடாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

தோட்டத்துக்கு லீவு. நான் குடியிருக்கிற பழனிசெட்டிபட்டியிலிருந்து மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் பிள்ளைகளின் ஊருக்குப் போனேன். ஊர்ப் பொட்டலில் பிள்ளைகளே பெஞ்சைப் போட்டு வைத்திருந்தார்கள். பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அபிதா அதே மாதிரி படியில் நின்றாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கத்தா, ஒத்தக் கால் வைக்க எடம் குடுங்க." பொட்டலின் கடைசிவரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. வளைவு வந்தது, பிள்ளைகள் சாய்ந்தார்கள், அவள் கையை விட்டுக் கீழே விழுந்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. விழுந்தவள் எழுந்திருக்கவும் இல்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் ரத்தம். கைதட்டல் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

செய்திருக்கக் கூடாதோ?

செப்டம்பர் 15

காலையில் பத்துப் பேருக்குமேல் ஏறமாட்டோம் என்று பெண்கள் கீழேயே நின்றுவிட்டார்களாம். சுரேஷ்கண்ணன் இரண்டாவது ஜீப்பை அனுப்பினார். பள்ளிக்கு வந்ததும் பிள்ளைகள் இதைத்தான் முதலில் சொன்னார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டாவது ஜீப் நின்றுபோனது. மறுபடி ஒரே வண்டிதான். திங்கட்கிழமை முன்னால் நின்று பேசிய நான்கு பேருக்குத் தோட்டத்தில் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பஞ்சம்மாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"நீங்க மாசச் சம்பளக்காரவுக, டீச்சர்" என்றார்.

செப்டம்பர் 21

தூங்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

மாற்றுப்பணி உத்தரவு வந்துவிட்டது. காலாண்டு லீவு முடிந்ததும் மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு பள்ளி. நிர்வாகக் காரணம் என்று போட்டிருக்கிறது. நல்லகண்ணு சார் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அபிதா இல்லை. தம்பிக்குக் காய்ச்சலாம், வீட்டில் பார்த்துக்கொள்கிறாளாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

அபிதா அவள் அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். என் இடத்துக்கு வந்த டீச்சர் நல்லவராம், அடிப்பதில்லையாம். நாடகம் கிடையாது. மண்டியில் அப்பாவுக்கு வேலை விட்டுப்போய்விட்டது.

"எங்கப்பா இப்ப தோட்டத்துக்குப் போறாரு, டீச்சர்."

எதில் என்று நான் கேட்கவில்லை. வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நான் பாக்க மாட்டேன், டீச்சர். ஜீப்பு வார சத்தம் கேட்டதும் தம்பியத் தூக்கிட்டு உள்ள போயிருவேன்."

பிறகு சாப்பிட்டீகளா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.