மூன்று பை முற்றிய இலை

தெமோதரை,
சனிக்கிழமை.

அன்புள்ள கௌசிகா அக்காவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. போனில் எனக்குப் பாதிதான் வாயில் வருகிறது. அதனால் இலைப் பைகளோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் பலீல் நானாவின் மகள் இஸ்ரா நாளை உங்கள் கம்பஸுக்குத் திரும்புகிறாராம். அவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் அனுப்பிய பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முற்றிய இலைதான் வேண்டும் என்று நீ தெளிவாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் மனம் வரவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு முற்றல் இலை கிடந்தாலும் எடுத்து வீசுவார்கள். அதைப் போய்ப் பெரிய சேர்மார் படிப்பிக்கும் இடத்துக்கு அனுப்புவதா என்று வெட்கப்பட்டு, நல்ல கொழுந்தாகப் பறித்து அனுப்பினேன். அதனால் உன் சேதன இரசாயன ஆய்வில் மூன்று வாரம் வீணாகிவிட்டது. இந்த மாதத்துக்குள் முடிக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று நீ அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை நீ. ஏசியிருக்கலாம்.

இந்த முறை வேலை முடிந்ததும் ஏழாம் நம்பர் மலையிலேயே நின்று பறித்தேன். என் கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, அக்கா. கீழ் இலையைத் தொடப் போனால் விரல் தானாகவே கொழுந்துக்குப் போகிறது. கடைசியில் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினேன். அப்போது வடிவேல் கங்காணி வந்துவிட்டார். பையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கொழுந்து எது, இலை எதுன்னு மறந்துபோச்சா? இல்ல, வீட்டுல ஆடு கீடு வாங்கியிருக்கீங்களா?" என்றார். பக்கத்தில் போனவர்கள் சிரித்தார்கள்.

வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். ஆனால் மாதக் கடைசிக்குள் நீ முடிக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. "அக்கா படிப்புக்குங்க. மருந்து அடிச்ச இலை ஆகாதாம். இங்க எப்பங்க அடிச்சாங்க?" என்று கேட்டேன். அவரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

அங்கே போன வாரம்தான் அடித்தார்களாம். கேட்காமல் இருந்திருந்தால் இரண்டாவது தடவையும் கெடுத்திருப்பேன். அவர் தன் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, மூன்று மாதமாக மருந்து படாத இடம் ரயில் பாதைக்கு மேலே இருக்கிறது என்றார். மறுநாள் அம்மாவையும் என்னையும் அவரே கூட்டிப்போய்க் காட்டினார். எங்களோடு நின்று தானும் பறித்தார்.

இலையை வீட்டுக்குள்ளேயே பேப்பர் விரித்து நிழலில் காயவைத்தோம். நான்கு நாள் எங்களுக்குப் படுக்கை அடுப்படியில்தான். அம்மா முணுமுணுத்தாலும் இலையைப் புரட்டிவிட மறக்கவில்லை. ஒவ்வொரு பையிலும் பறித்த இடமும் தேதியும் எழுதியிருக்கிறேன்.

நான் பத்தாம் தரத்தோடு நின்றதை நினைத்து நீ வருந்த வேண்டாம். வேலை பழகிவிட்டது. புஷ்பம் அத்தையோடு கதைபேசிக்கொண்டே மலை ஏறிவிடுகிறேன். நீ வைத்துவிட்டுப் போன இரசாயனக் கொப்பியில் இருக்கும் ஆறு மூலைப் படங்களைச் சில நேரம் எடுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

உன் ஆய்வு நல்லபடியாக முடியட்டும். முடிந்ததும், இந்த இலையிலிருந்து என்ன வந்தது, அதை எப்படிப் பிரித்தாய் என்று எனக்கு எழுது. அம்மாவுக்குச் சொல்வதுபோல் சுருக்கிச் சொல்ல வேண்டாம். முழுவதும் எழுது. புரியாத இடத்தை நான் கேட்கிறேன்.

உன் தங்கை,
கம்சலா