அப்பா சொன்ன 'இல்லீங்க'

கலஹா
14.03.1998

என் அன்பு அழகர் அண்ணனுக்கு,

வெள்ளவத்தைக் கடையில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி தங்கச்சி பரிமளம் எழுதுவது. இங்கே சுகத்தைப் பற்றிக் கேட்காதே.

அப்பாவைப் பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பித்தப்பையில் கல். பக்கத்திலிருக்கும் கல்லீரலும் பெயருக்கேற்றபடி கல்லாகி வருகிறதாம். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க மாட்டார்களாம். நாலு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கெமராவை விட்டு, டீவியில் பார்த்துக்கொண்டே பையை எடுப்பார்களாம். "தோட்டத்துலயே மொத நடிகர் நீங்கதாம்ப்பா" என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மறுநாள் பெரிய டொக்டர் வந்தார். அவர் சிங்களத்தில் கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும். குடிப்பதுண்டா என்று கேட்டார். பெற்ற மகள் வாயால் கேட்டால் எந்த அப்பா ஆமாம் என்பார்? "சுத்தமா இல்லீங்க" என்றார். அம்மாவும் கூடச் சேர்ந்து தலையாட்டினாள். நான் டொக்டரிடம், பத்து வருஷமாக, தினமும், கசிப்புச் சாராயம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அந்த அளவுக்குச் சிங்களம் புரியும் அண்ணே. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டொக்டர் ஏசவில்லை. ஸ்கேனிலும் அப்படித்தான் தெரிகிறது, இந்த ஈரலோடு இரத்தம் லேசில் உறையாது, துளை வழியாகச் செய்வதில்தான் ஆபத்துக் குறைவு, ஆனால் ஆபத்து இல்லாமல் இல்லை என்றார். இரத்தம் ஆயத்தமாக இருந்தால்தான் தொடுவாராம். வியாழக்கிழமைக்கு மேல் தள்ளவும் முடியாதாம்.

இரத்தம் கொடுக்க எனக்கு வயது போதாது. அம்மாவுக்கு இரத்தமே போதாது. பக்கத்து லயத்து வீட்டு மாமாக்கள் வருகிறோம் என்று சொல்லிப் பின்வாங்கிவிட்டார்கள். கண்டியில் குண்டு வெடித்ததிலிருந்து ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து நம்மவர்களை இறக்குகிறார்கள். பாதிப் பேரிடம் அடையாள அட்டை கிடையாது. உன்னிடம் இருக்கிறது.

அப்பா குடியை விடும்வரை வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனாய். ஆஸ்பத்திரி வாசல்படி அதில் சேராது, நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

நேற்று நர்ஸ் அப்பாவிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். "ஒரு மகன், கொழும்புல" என்றார். தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நான் கட்டிலோரம்தான் நின்றேன்.

எனக்காக அவரிடம் ஒன்றும் பேச வேண்டாம். புதன்கிழமைக்குள் வந்து கையை நீட்டு, அது போதும். வழியில் யாரும் உன்னை இறக்கிவிடாமல் கதிர்காமத்து முருகன் கூட வரட்டும். அப்பா என் மேல் கோபமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் அண்ணே, ரொம்ப வருஷத்துக்கு.

உன் தங்கச்சி,
பரிமளம்