கீழ்வரிசைப் பெட்டி

கம்பாலா,
மார்ச் 9, திங்கள்.

மிரெம்பேயின் அப்பாவுக்கு நசூனா எழுதுவது.

நானும் மகளும் நலம். ஷார்ஜாவில் உங்கள் முதுகுவலி குறைந்ததா? பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி காவல் காப்பவருக்கு ஒரு நாற்காலி போடாத முதலாளியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் பாவம் எனக்கு வரும். மிரெம்பேக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மழை பிடித்துக்கொண்டது, வாசலெல்லாம் செம்மண் சேறு. வேலைக்காக அங்கே வரும் உங்கள் அத்தை மகன் முகாசாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் செபுன்யாவின் பெயரை எடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

நடந்ததை மறந்துவிடு, அந்த ஆளை விட்டுவிடு என்று போன மாதம் சொன்னீர்கள். எதை மறக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுகிறேன்.

பலாமரத்து நிறுத்தத்தின் முப்பது பைக் டாக்சிக்காரர்களில் முதன்முதலில் பேட்டரி பைக் வாங்கியவர் நீங்கள். நிறுத்தத்தின் தலைவர் செபுன்யா மரத்தடியில் பாட்டிலில் பெட்ரோல் விற்றுக்கொண்டிருந்தார். நிறுத்தத்து வண்டி எல்லாம் அவரிடம்தான் பெட்ரோல் போட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். உங்கள் வண்டி ஒரு சொட்டும் குடிக்கவில்லை. "சத்தம் போடாத வண்டி பேய் வண்டிடா, ஏறுற ஜனங்க பயப்படுறாங்க" என்று ஆரம்பித்தார். பிறகு வரிசை தாண்டி ஆள் ஏற்றினீர்கள் என்று பொய்ப் புகார். பிறகு நிறுத்தத்துப் புத்தகத்தில் ஏழாம் எண்ணில் இருந்த வாஸ்வா என்ற உங்கள் பெயரை அடித்துவிட்டார். ஒரு நிறுத்தத்தில் பெயர் அடிபட்டவனை இந்த ஊரில் வேறு எந்த நிறுத்தமும் சேர்க்காது. தவணை கட்ட முடியாமல் வண்டி கம்பெனிக்கே திரும்பப் போனது.

நான் அவரிடம் போனேன். நம் பெண்கள் பெரியவர்களைக் கண்டால் மண்டியிட்டு வணங்குவது மரியாதை. அன்று நான் இட்டது மரியாதை இல்லை, பிச்சை. சேற்றில், முப்பது பேர் பார்க்க. அவர் முட்டை சுருட்டிய சப்பாத்தியைத் தின்றுகொண்டே இருந்தார். எழுந்திரு என்று ஒரு வார்த்தை இல்லை. கையைத் துடைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார்: "பேர அடிச்சது சட்டம்மா, நான் இல்ல. என் கையில என்ன இருக்கு?"

இதைத்தான் மறக்கச் சொல்கிறீர்கள்.

யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம். நீங்கள் போன இந்த இரண்டு வருடத்தில் ஊர் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு வீங்கிப் பரவிவிட்டது. எல்லோருக்கும் பைக் வேண்டும், ஆனால் புகை வேண்டாம். பெட்ரோல் வண்டி என்றால் பள்ளிக்கூடக் காவலாளியே "தள்ளிப் போய் நில்லு" என்கிறான். பெட்ரோல் பாட்டில்கள் இருந்த அதே இடத்தில் பேட்டரி கம்பெனிக்காரர்கள் பேட்டரி மாற்றும் அலமாரி வைத்தார்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு பெட்டி. தீர்ந்த பேட்டரியை வைத்துவிட்டு நிறைந்ததை எடுத்துப் போக வேண்டும். எந்தப் பெட்டி திறக்க வேண்டும் என்று பொத்தானை அழுத்துவது நான். அந்த வேலைக்கு என்னை எடுத்ததை உங்களிடம் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

நிறுத்தத்தில் எல்லோரும் மாறிய பிறகு செபுன்யா கடைசி ஆளாக, மூன்று மாதம் முன்பு, பேட்டரி வண்டியில் வந்து நின்றார். நான் கீழ்வரிசையின் கடைசிப் பெட்டியைத் திறந்தேன். அது தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பன்னிரண்டு கிலோ பேட்டரியைக் குனிந்து இழுத்தால் வராது, மண்டியிட்டால்தான் வரும். மண்டியிட்டார். அன்றிலிருந்து காலை ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மேல்வரிசையில் நிறைந்த பேட்டரி இருந்தாலும் அவருக்குக் கீழ்வரிசைதான். பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வண்டி வந்தாலே "தலைவரே, ஜெபத்துக்கு நேரமாச்சா?" என்கிறார்கள். அவருடைய எல்லா கால்சட்டையிலும் முழங்கால் சிவப்பு.

ஒருநாள் மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, மேல உள்ளதத் தொறக்கக் கூடாதா?"

"மெஷின் எதத் தொறக்குதோ அதுதான் தலைவரே. என் கையில என்ன இருக்கு?" என்றேன். அவருக்குப் புரிந்தது. முகம் செத்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் கடலைக் குழம்பு வைத்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

போன வாரம் முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்தார். "வாஸ்வாவ வரச் சொல்லும்மா. ஞாயித்துக்கிழம கூட்டத்துல எல்லார் முன்னாடியும் பேர எழுதுறேன்" என்றார். நேற்று எழுதியும்விட்டார். ஏழாம் எண், வாஸ்வா. தப்பு என்னுடையது என்று எழுந்து நின்று சொன்னார். நான் மரத்தடியில் நின்று கேட்டேன்.

இன்று காலை வந்தபோது மேல்வரிசையைத் திறக்கத்தான் நினைத்தேன். விரல் கீழ்வரிசைக்கே போனது. வீங்கிய காலை மடக்கி அவர் இறங்கினார். நான் அவரைப் பார்க்கவில்லை. எதிரே சப்பாத்திக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் எழுதியும் ஏன் ஆறவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அன்று நான் சேற்றில் இருந்தபோது நீங்கள் அந்தக் கடைக்குப் பின்னால் நின்றீர்கள். தட்டிக்குக் கீழே உங்கள் மஞ்சள் செருப்பு தெரிந்தது. நீங்கள் வந்து என் கையைப் பிடித்துத் தூக்குவீர்கள் என்று, செபுன்யா பதில் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மண்டியிட்டே இருந்தேன். செருப்பு திரும்பிப் போனது. பத்தாவது நாள் நீங்கள் விமானம் ஏறினீர்கள். இதுவரை நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாளையிலிருந்து செபுன்யாவுக்கு மேல்வரிசை. அவர் கணக்கு தீர்ந்தது. உங்கள் இடம் காலியாக இருக்கிறது, வண்டிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், மகள் தினமும் கேட்கிறாள். வாருங்கள். முதல் நாள் பேட்டரி எடுக்க வரும்போது உங்களுக்குக் கீழ்வரிசையின் கடைசிப் பெட்டியைத்தான் திறப்பேன். ஒரே ஒரு முறை. நீங்கள் எழுந்திருக்க நான் கை கொடுப்பேன்.

கடவுள் உங்களைக் குறையின்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
நசூனா