மீனவன் மகன் படகு தள்ளியது

அன்புள்ள அம்மாவுக்கு,

கேம்பிரிட்ஜில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

வகுப்புக்காரர்கள் முதல்முறையாக என்னையும் ஆற்றோர மதுக்கடைக்குக் கூப்பிட்டார்கள். பீரும் கையுமாக ஒரே மேதாவிப் பேச்சு. இடுப்பளவுத் தண்ணீரில் தட்டைப் படகைக் கோல் ஊன்றித் தள்ளுவதுதான் இவர்களுக்கு வீரம்.

"இதெல்லாம் ஒரு படகாடா? எங்க வீட்டுக் குளியல் தொட்டியே இந்த ஆத்தைவிட ஆழம்," என்றேன்.

"மீன்காரன் மகனே, நீதான் ஓட்டிக் காட்டேன்," என்றான் அவர்களில் ஒருவனான ரூபர்ட்.

படகில் ஏறி நின்று தள்ளினேன்; கோல் சேற்றில் மாட்டிக்கொண்டது. கடலில் கையில் பிடித்ததை விடாதே என்பாரே அப்பா, நானும் விடவில்லை. படகு காலடியிலிருந்து நழுவிப் போய்விட்டது; கோலில் தொங்கி, தண்ணீரில் விழுந்தேன். வயிறு வலிக்கச் சிரித்த பிறகுதான் கைகொடுத்தார்கள், பெரிய படிப்பாளிகள். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன், இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

கம்பளிக் காலுறை அனுப்பு. வகுப்புக்கு நேரமாகிறது. அப்பாவிடம், நான் கோலை விடவில்லை என்று மட்டும் சொல்.

ஜாகோ