நம்ம புள்ள சொல்லட்டும்

நுவரெலியா,
04.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அங்கே டவர் விழுந்ததிலிருந்து போன் எடுபடவில்லை. அதனால் டயகம பஸ் கண்டக்டர் வினோஜனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

பிரதேச செயலகத்தில் வேலையைப் பொறுப்பெடுத்துவிட்டேன். கொழும்பு வங்கி வேலையை விட்டுவிட்டு இதற்கு ஏன் வந்தாய் என்று கூடப் படித்த சர்மிளா இன்னும் திட்டுகிறாள். பென்ஷனுக்காக என்று சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அப்பாவின் மரணச் சான்றிதழுக்காகக் கச்சேரி ஆபீசில் நின்று, அவர்கள் சிங்களத்தில் சொன்னது ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தோமே, அன்றைக்கே முடிவெடுத்தேன். இனி நம்ம தோட்டத்து லயத்து வீடுகளுக்கு எந்த அறிவித்தலும் என் வாயால் தமிழில்தான் வரும். எல்லாரிடமும் சொல்லுங்கள்.

தங்கச்சி,
கிருஷாந்தி

டயகம, மேல் டிவிசன்,
19.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கோயிலடியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாக்கண்ணு மாமி அழுதேவிட்டாள். ஆபீசர் அம்மாவுக்கு இனி இந்த அண்ணனைக் கண் தெரியுமோ என்னவோ.

மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் மேடு வெடித்திருக்கிறது, குடிக்கிற பீலித் தண்ணீர் சேறாக வருகிறது. நேற்று கிராம சேவகர் வந்து எல்லாரையும் பாடசாலைக்குப் போகச் சொன்னார். போன தடவை அவர் பேச்சைக் கேட்டுப் போய் ரெண்டு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். ஆனாலும் சனம் புறப்படப் பார்த்தது. நான்தான் நிறுத்தினேன். "நம்ம புள்ள ஆபீசுக்குள்ள இருக்கு. அப்படி ஒண்ணுன்னா நமக்குச் சொல்லாம இருக்குமா? அது சொல்லட்டும், போவோம்"னு சொன்னேன். ஒருத்தரும் அசையவில்லை. உன் பேருக்கு அவ்வளவு மரியாதை. பெருமையாக இருக்கிறது.

அண்ணன்,
அழகுமுத்து

நுவரெலியா,
21.11.2024

அண்ணா,

நான் ஓய்வூதியப் பகுதியில் இருக்கிறேன். மலையைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் வராது. கிராம சேவகர் ஐயா சொன்னதுதான் அறிவித்தல். அவருக்கும் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை. எனக்காகக் காத்திருக்காதீங்க. இப்பவே எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. பயமாக இருக்கிறது.

கிருஷாந்தி

நுவரெலியா,
22.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வினோஜன் நேற்றைய கடிதத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். லிந்துலைக்கு அப்பால் மண் சரிந்து ரோடு இல்லையாம். காலையிலிருந்து ஆபீசில் டயகம, டயகம என்று பேசுகிறார்கள். நான் கிட்டப் போனால் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருந்தும் எனக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் லிந்துலையிலிருந்து நடந்து வருகிறேன். அந்தப் பக்கம் யாராவது முந்திப் போனால் கொடுக்கச் சொல்லி இதை வினோஜனிடம் கொடுக்கிறேன். உறையில் லயத்து விலாசம் எழுதவில்லை. பாடசாலை என்றே எழுதியிருக்கிறேன்.

என்னை நம்பாமல் போயிருக்க வேணும் அண்ணா, நீங்க.

கிருஷாந்தி